முப்பத்தொன்றாம் கேள்வி

எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு தீவு இருக்கிறது என்பது எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. அதுவரை அது தீவாக இல்லை.

கிழக்கே கடல், மேற்கே கால்வாய், நடுவில் ஒரு மணல்திட்டு. வடக்கிலும் தெற்கிலும் அது தரையோடு ஒட்டித்தான் இருந்தது. 2005ஆம் வருஷக் கடைசியில் ஜேசிபி கொண்டுவந்து இரண்டு பக்கமும் வெட்டி, கால்வாயையும் திட்டுப்பக்கமாக அகலப்படுத்தினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே வந்தது. மறுநாள் 'கொராலியா தீவு விடுதி' என்று பலகை வைத்தார்கள். மரக்காணத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'ஜேசிபி வெட்டுன எடம்' என்பார்கள். அம்மா உப்பு வாரும் பாத்தியிலிருந்து அதன் கரைக்குத் தொண்ணூறு தப்படி. அதில் தண்ணீர் நாற்பது தப்படி. தண்ணீரை மட்டும் கண்ணால் அளந்ததால் கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

இப்படி எண்ணி வைக்கும் பழக்கம் பலராமன் சாரிடமிருந்து வந்தது. பகலில் நான் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறேன். மாலை ஆறிலிருந்து எட்டு வரை சாரின் டைப்ரைட்டிங் வகுப்பு. தினமும் ஒரு பக்கம் டைரி எழுத வேண்டும் என்பது அவர் சட்டம். "நடந்ததை நடந்தபடி எழுதுங்கப்பா. இல்லாததை எழுதுற கைதான் மெஷின்ல இல்லாத எழுத்தையும் அடிக்கும்" என்பார். நான் மூன்று வருஷமாக நடந்ததை நடந்தபடி எழுதிவருகிறேன். இருந்தும் இங்கிலீஷ் ஹையர் தேர்வில் இரண்டு தடவை தோற்றேன். இடது சுண்டுவிரல் 'a' எழுத்தின்மேல் படுத்துவிடுகிறது.

மூன்றாவது தடவை 2006 ஆகஸ்ட் பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி, திண்டிவனம். தேறினால் அங்கே ஒரு வக்கீல் ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேறாவிட்டால் என்ன என்பதை அம்மா சொல்லிவிட்டாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா கூடையைத் தூக்கிக்கிட்டு என்கூட அளத்துக்கு வந்துடு. ரெண்டு பேரா வாரினா சீக்கிரம் முடியும்."

தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு விடுதியிலிருந்து சாருக்குக் கடிதம் வந்தது. சுதந்திர தினத்தன்று திறப்பு விழா. அதற்குமுன் ஒத்திகை பார்க்க முப்பது மாதிரி விருந்தினர்கள் தேவை. இங்கிலீஷ் படிவத்தைப் படித்து நிரப்பத் தெரிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை வந்து சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திரும்பலாம். எல்லாம் இலவசம்.

"நீ போ. ஒரு நாள் நிம்மதியா படுத்து எந்திரிச்சா கை நடுக்கம் நின்னுடும்" என்றார் சார்.

நடுக்கம் மனத்தில் இருக்கிறதா கையில் இருக்கிறதா என்று எனக்கே தெரியாததால் சரி என்றேன். ஹால் டிக்கெட்டைப் பாலிதீன் கவரில் போட்டு டைரிக்குள் வைத்துக்கொண்டேன். வீட்டில் வைத்தால் கரையான் அரிக்குமோ என்று பயம்.

படகுத்துறையில் எங்கள் செருப்புகளை வாங்கி எண் போட்ட சாக்குப்பைகளில் கட்டினார்கள். என் எண் ஒன்பது, அறை எண்ணும் அதுதான். தீவில் எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும், செருப்பு திரும்பும்போது கிடைக்கும் என்றார்கள். பிறகு கைக்கடிகாரங்களை வாங்கினார்கள். தீவில் நேரம் என்பதே கிடையாது என்றார்கள். காலை உணவு ஏழரையிலிருந்து ஒன்பது வரை மட்டும் என்றும் சொன்னார்கள்.

படகு ஓட்டியவர் பக்கிரி மாமா. அம்மாவுக்குத் தூரத்துத் தம்பி முறை. சுனாமி அலை வருவதற்கு முன்பு அந்த மணல்திட்டில்தான் அவர் வீடு இருந்தது. அலைக்குப் பிறகு, கடலோரத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது, ஆபத்து என்று உள்ளே தள்ளி இடம் கொடுத்தார்கள். விடுதிக்காரர்கள் அந்த ஆபத்துக்கு எதிரே பெரிய பெரிய ஜன்னலாக வைத்துவிட்டார்கள். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். நெஞ்சில் 'பாப்லோ' என்று பித்தளையில் எழுதியிருந்தது.

"மாமா" என்றேன்.

"வெல்கம் சார்" என்றார் மாமா, என் தலைக்குமேல் எதையோ பார்த்தபடி. பிறகு உதடு அசையாமல், "மாமான்னு கூப்டாத. சம்பளத்துல புடிச்சுருவாங்க" என்றார்.

கால்வாயை நேராகக் கடந்தால் நான்கு நிமிஷம். படகு நாற்பது நிமிஷம் ஓடியது. எனக்குப் பக்கத்தில் கோட்டக்குப்பம் நியாஸ் உட்கார்ந்திருந்தான். என்னோடு வகுப்பில் படிப்பவன், நேர்முன்னால் இருக்கும் மெஷின் அவனுடையது.

"பாப்லோ பாய், இந்தப் பனைமரத்தை நான் மூணாவது வாட்டி பாக்குறேன்" என்றான் நியாஸ்.

"ஒவ்வொரு தடவையும் வேற பனைமரம் சார்" என்றார் மாமா.

தீவில் இறங்கியதும் விடுதியின் மேலாளர் தேவநாதன் எங்களை வரவேற்றுப் பேசினார். நாற்பது வயது இருக்கும். அவரும் வெறுங்காலோடுதான் நின்றார். ஆனால் அவர் நின்ற இடத்தில் மட்டும் கம்பளம் இருந்தது.

"நாங்க இங்க ரூம் விக்கல சார். நிம்மதி விக்கிறோம். முன்னாடி இந்த எடத்துல என்ன இருந்துச்சு? ஒண்ணுமே இல்ல. நாலு குப்பத்து வீடு, சுத்தி உப்பு. உப்பைத் தவிர இங்க ஒண்ணும் விளையல. நாங்கதான் கஷ்டப்பட்டு இதைத் தீவாக்கினோம். மத்த தீவெல்லாம் கடவுள் பண்ணது. அவருக்கு பர்மிஷன் வாங்குற வேலை கிடையாது. நாங்க எத்தனை டேபிள்ல நின்னோம் தெரியுமா?"

எல்லோரும் கைதட்டினோம். மாமாவும் தட்டினார்.

வெள்ளிக்கிழமை நன்றாகத்தான் போனது. மெத்தையில் படுத்தேன். முதுகுக்குக் கீழே எதுவும் இல்லாதது போல இருந்ததால் தரையில் இறங்கிப் படுத்தேன். அறையின் பின்ஜன்னலைத் திறந்தால் கால்வாய், அதற்கப்பால் உப்பளம். அம்மா குனிந்து பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தாள்.

"டேய் அர்ச்சுனா, சாப்டியா?"

"சாப்டேன்மா."

"என்ன போட்டாங்க?"

"பப்பாளிப்பழம்."

"அதெல்லாம் ஒரு சோறா? ராத்திரி கேட்டு வாங்கித் தின்னு."

இவ்வளவுதான் பேசினோம். டைரியில் இதையும் எழுதினேன்.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் படிவங்கள் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டுக் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை குறிக்க வேண்டும். ஐந்து என்றால் பரவசம். நியாஸ் மூன்று நிமிஷத்தில் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டு எழுந்தான். நான் ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன். தலையணையின் மென்மை ஐந்து. பணியாளர் புன்னகை ஐந்து. மாமா தன் வாழ்நாளில் அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை. முப்பது வரை எல்லாம் ஐந்து. முப்பத்தொன்றாம் கேள்வி இப்படி இருந்தது: 'வெளியுலகிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட ஒரு தீவில் இருப்பதாக உணர்ந்தீர்களா?'

யோசித்தேன். ஜன்னலில் அம்மா தெரிந்தாள். சோற்றைப் பற்றிக் கேட்டாள். முற்றிலும் என்று போட்டிருக்கிறார்கள். நான் நான்கு போட்டேன்.

நியாஸ் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தான். "டேய், அஞ்சு போடுடா."

"அம்மா தெரிஞ்சாங்களே."

"உங்கம்மா தெரிஞ்சா அவங்களுக்கென்ன? சும்மா போடுடா மச்சி. கல்யாண வீட்ல பிரியாணி எப்படினு கேட்டா உப்பு கம்மின்னா சொல்லுவ?"

மாற்றிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் படிவத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான்கு மணிக்கு இருபத்தொன்பது பேர் படகில் ஏறினார்கள். முப்பதாவதாக நான் ஏறப்போனபோது தேவநாதன் என் கையைப் பிடித்தார். மிகவும் மென்மையாகத்தான் பிடித்தார்.

"மிஸ்டர் அர்ச்சுனன், நீங்க கொஞ்சம் மனசுல வருத்தத்தோட போறீங்க போலிருக்கே."

"இல்ல சார்."

"முப்பத்தொண்ணுல நாலு போட்டிருக்கீங்க."

"நாலும் நல்லதுதானே சார்."

"நல்லதுதான். ஆனா நம்ம விடுதியோட முதல் விதி என்னன்னா, எந்த விருந்தினரும் குறையோட இந்தத் தீவைவிட்டுப் போகக் கூடாது. பெங்களூர்ல ஹெட் ஆபீஸ் இருக்கு. முப்பது படிவமும் முழு அஞ்சா போகலன்னா திறப்பு விழா கிடையாது. குறையைத் தீர்க்குற வரைக்கும் நீங்க எங்க விருந்தாளி."

"சார், எனக்கு நாளைக்குப் பரீட்சை. ஒம்போது மணிக்கு."

"பாருங்க, இந்த டென்ஷன்தான் உங்களை பரவசப்பட விடல" என்றார் தேவநாதன்.

படகு போனது. நியாஸ் எழுந்து நின்று ஏதோ கத்தினான். சாரிடம் சொல்கிறேன் என்பதாக இருக்கலாம். அவன் அந்தப் பனைமரத்தை இன்னும் மூன்று தடவை பார்க்க வேண்டியிருந்ததால் வெகுநேரம் கையசைத்துக்கொண்டே இருந்தான்.

குறை எங்கே என்று தேவநாதன் கேட்டார். அம்மா தெரிகிறாள் என்று சொன்னேன். உடனே ஐந்து ஆட்கள் வந்து என் ஜன்னலுக்கு எதிரே கரையோரமாக மூங்கில் தட்டி கட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மேலே. எங்கள் ஊரில் ஒரு வீட்டின் முன்னால் திடீரென்று தட்டி கட்டினால் அதற்கு ஒரு காரணம்தான் உண்டு. அம்மாவின் குரல் தட்டியைத் தாண்டி வந்தது.

"டேய், எதுக்குடா தட்டி கட்றாங்க? உனக்கு அம்மை போட்டிருக்கா?"

"இல்லம்மா."

"வேப்பிலை அனுப்பட்டா?"

தேவநாதன் படிவத்தை நீட்டினார். முப்பத்தொன்றில் மறுபடி நான்குதான் போட முடிந்தது. தெரியவில்லை, ஆனால் கேட்கிறது.

அடுத்து ஒலிபெருக்கிகள் வந்தன. அலைச் சத்தத்தைப் பதிவு செய்து ஓடவிட்டார்கள். பின்னால் நூறு தப்படியில் நிஜக் கடல் இருக்கிறதே என்று கேட்டேன். "அது சரியா வராது சார். சில நேரம் பெருசா அடிக்கும், சில நேரம் சும்மா கெடக்கும். விருந்தினருக்கு ஒரே சீரா வேணும். இது இந்தோனேசியாவுல ரெக்கார்டு பண்ணது" என்றார். இரண்டு கடல்களும் சேர்ந்து இரைந்ததில் அம்மாவின் குரல் நின்றுவிட்டது. அதுதான் எனக்குக் கவலையாகிவிட்டது. அவள் கூப்பிடுகிறாளா, இல்லையா என்று காதைக் கூர்மையாக வைத்து உட்கார்ந்திருந்தேன். மூன்று போட்டேன். தேவநாதனின் முகம் மாறியது.

பிறகு என்னைக் குப்புறப் படுக்கவைத்து முதுகில் உப்புத் தேய்த்தார்கள். சவக்கடல் உப்பாம், கப்பலில் வந்ததாம். உடம்பிலுள்ள நஞ்சை எடுத்துவிடும் என்று தேய்த்த ஆள் சொன்னார். என் அம்மா பதினாறு வருஷமாகச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக உடம்பிலுள்ள உப்பைக் கழுவுகிறாள். கழுவிவிட்டுத்தான் என்னைத் தொடுவாள். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. முதுகு எரிந்தது. வீட்டு ஞாபகம் முன்பைவிட அதிகமாக வந்தது. இரண்டு போட்டேன். ஒருவேளை என்னிடம்தான் ஏதாவது கோளாறோ என்று அப்போது தோன்றியது. இருபத்தொன்பது பேருக்கு வந்த பரவசம் எனக்கு மட்டும் வராமல் இருக்கிறது என்றால் அது விடுதியின் தவறு என்று எப்படிச் சொல்வது?

தேவநாதன் கடைசியாக ஒரு யோசனை செய்தார். உப்பளத்து ஆட்களை மறைக்க முடியவில்லை என்றால் அவர்களைத் தீவுக்காரர்களாக மாற்றிவிடலாம் என்றார். பாத்திகளில் வேலை செய்த இருபது பெண்களுக்கும் வைக்கோல் தொப்பி அனுப்பினார். விளிம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் செம்பருத்தி. கூடையோடு நடக்கும்போது கொஞ்சம் இடுப்பை அசைத்துப் பாடிக்கொண்டே போனால் நல்லது என்று மாமா மூலமாகச் சொல்லியனுப்பினார். தட்டியில் ஒரு ஓட்டை போட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். அந்தி வெயிலில் இருபது பூத்தொப்பிகள் வரப்பின்மேல் வரிசையாகப் போயின. ஒரு தொப்பி நின்றது.

"ஏம்பா பக்கிரி" என்று கத்தியது அந்தத் தொப்பி. "தொப்பி நல்லா நெழலா இருக்குது. பாட்டு வேணும்னா டீ குடுக்கச் சொல்லு. எம்புள்ள எப்ப வருவான்?"

"அக்கா, நான் பாப்லோக்கா" என்று மாமா தாழ்ந்த குரலில் சொன்னார்.

இருபது பெண்களில் அம்மா யார் என்று முன்பெல்லாம் தேட வேண்டியிருக்கும். இப்போது தேட வேண்டியதே இல்லை. தொப்பியைப் பின்பக்கம் முன்னால் வரும்படி போட்டிருந்தது அவள் ஒருத்திதான். ஒன்று போட்டேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கி, நாற்பத்தெட்டுக்கும் ஐந்து போட்டேன். பலராமன் சார் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். தேவநாதன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"அஞ்சு மணிக்கு ரெண்டு. ஆறு மணிக்கு ஒண்ணு. ஏழு மணிக்கு அஞ்சா? என்ன சார் இது?"

"இப்ப உணர்றேன் சார்."

"பொய் சொல்றீங்க."

நான் பேனாவை மூடினேன்.

"எனக்கு பொய்யான அஞ்சு வேணாம் மிஸ்டர் அர்ச்சுனன். மத்தவங்க போட்டதும் பொய்தான், எனக்குத் தெரியாதா? ஆனா அவங்க முதல்லயே பொய் சொல்லிட்டாங்க. அது ரெக்கார்டுல உண்மையாயிடுச்சு. நீங்க முதல்ல உண்மையைச் சொல்லிட்டு அப்புறம் பொய் சொல்றீங்க. அதை நான் எந்த ஃபைல்ல வைக்கிறது? இதுக்குப் பேரு நேர்மையற்ற திருப்தி. பெங்களூர் கையெழுத்து இல்லாம இதை முடிக்க முடியாது. அவங்க திங்கட்கிழமைதான் ஆபீஸ் தொறப்பாங்க."

"என் பரீட்சை நாளைக்கு சார்."

"உங்களைப் பிடிச்சு வச்சிருக்கேன்னு நினைக்காதீங்க. இங்க கதவே கிடையாது, பாத்தீங்களா? சுவரும் கிடையாது. சுத்தி தண்ணிதான். ராத்திரிக்கு இறால் சொல்லியிருக்கேன்."

இறால் நன்றாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் நேரத்தில், கிழக்கு வெளுக்கத் தொடங்கியபோது, டைரியையும் ஹால் டிக்கெட்டையும் பாலிதீன் கவரில் சுற்றித் தலையில் துண்டோடு கட்டிக்கொண்டு தட்டியின் ஓரமாகக் கரைக்கு வந்தேன். தண்ணீரில் ஒரு கால் வைத்ததும் பின்னால் இருமல் கேட்டது. பக்கிரி மாமா. கையில் தடிமனான ஒரு பதிவேடு, இன்னொரு கையில் மடித்த டவல்.

ராத்திரி முழுக்க எனக்குக் காவல் வைத்திருந்தார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். மாமாவின் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவருக்கு இரண்டு பெண்கள்.

மாமா பதிவேட்டைத் திறந்தார். "விருந்தினர் படகில்லாம வெளிய போனா நான் மணி அடிக்கணும்" என்றார். "விருந்தினர் தண்ணியில எறங்கினா அது நீச்சல். நீச்சலுக்கு மணி கிடையாது. டவல்தான்." பிறகு வெள்ளைச் சட்டைக்குரிய குரலில், "நீச்சலுக்குப் போறீங்களா சார்? டவல் வேணுமா?" என்றார்.

"வேணும்" என்றேன்.

'அறை ஒன்பது, காலை 5.20, நீச்சல்' என்று எழுதினார். மூடுவதற்கு முன் என்னைப் பார்க்காமல், "நடுவுல பள்ளம் இருக்குது. எடதுபக்கமா போ. அங்கதான் நம்ம வீட்டு வாசல் இருந்துச்சு, மேடு" என்றார்.

இடதுபக்கமாகப் போனேன். மாமா வீட்டு வாசலில் தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. நாற்பது தப்படி என்று கணக்கிட்டிருந்தேன், நாற்பத்துமூன்று ஆனது. எதிர்க்கரையில் ஏறும்போது வழுக்கி வரப்பைப் பிடித்தேன். காய்ந்த உப்பின் விளிம்பு இடது சுண்டுவிரலைக் கீறியது. அதற்குமேல் வெறுங்காலோடு நடக்க முடியவில்லை. உப்பின்மேல் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் தெரியாது. பாத்தியிலிருந்து ஒரு பூத்தொப்பி நிமிர்ந்தது.

அம்மா வரப்பில் உட்கார்ந்து, வேலைக்குப் போட்டிருந்த பழைய சாக்ஸ் இரண்டையும் உருவி என் காலில் மாட்டினாள். தொப்பியைக் கழற்றி என் தலையில் வைத்தாள்.

"ஆறு மணி பஸ் போயிடும். ஓடு."

"உன் காலுக்கு?"

"என் காலை உப்பு இனிமேல்தான் தின்னப்போவுதா? ஓடுடா."

உப்பு காய்ந்து விறைத்த பேண்ட், செருப்பில்லாத சாக்ஸ், பிளாஸ்டிக் செம்பருத்தித் தொப்பி. திண்டிவனத்தில் தேர்வு அறை வாசலில் நின்றவர் ஹால் டிக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். விதிமுறைத் தாளை எடுத்துப் படித்தார். அதில் தொப்பியைப் பற்றி எதுவும் இல்லை போலிருக்கிறது. உள்ளே விட்டார்.

மெஷின் முன்னால் உட்கார்ந்தபோது இடது சுண்டுவிரலில் உப்பு எரிந்தது. 'a'வைத் தொட்டதும் விரல் தானாகத் துள்ளி எழுந்தது. ஸ்பீடு பேப்பர் முழுக்க அது ஒரு தடவைகூடப் படுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுதியின் திறப்பு விழா. நானும் அம்மாவும் உப்புக் குவியலின் அருகே நின்று ஒலிபெருக்கியைக் கேட்டோம். இந்தோனேசியக் கடலை நிறுத்திவிட்டுத் தேசியகீதம் போட்டார்கள். பிறகு தேவநாதன் பேசினார். சுதந்திரம் என்றால் என்ன என்று சிறிது நேரம் விளக்கினார். கடைசியில் குரல் தழுதழுத்தது.

"எங்க தண்ணி எப்படிப்பட்டதுன்னு நான் சொல்ல வேணாம். அறை ஒன்பதுல ஒரு விருந்தினர் ஞாயித்துக்கிழமை காலையில நீந்த எறங்கினார். இன்னிக்கு வரைக்கும் கரையேற மனசு வரல அவருக்கு. தினமும் ஜூஸ் எடுத்துக்கிட்டுப் போய்க் கரையில வைக்கிறோம். இதுக்குமேல ஒரு சர்டிபிகேட் வேணுமா?"

கைதட்டல் வெகுநேரம் கேட்டது.

"யாருடா அது?" என்றாள் அம்மா.

"நான்தான்."

அம்மா தண்ணீரைப் பார்த்தாள். "அந்த ஜூஸை யாரு குடிக்கிறா?"

அதைப் பிற்பாடு மாமா சொன்னார். அவருடைய பெண்கள்.

அக்டோபரில் முடிவு வந்தது. முதல் வகுப்பில் தேறியிருந்தேன். தாளைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போனேன். வக்கீல் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார். இரண்டு வாரம் அம்மா எதுவும் சொல்லவில்லை. கூடையை மட்டும் வாசலில் என் செருப்பு இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தாள். செருப்பு இன்னும் விடுதியின் ஒன்பதாம் எண் சாக்குப்பையில்தான் இருந்தது.

அப்போது பலராமன் சாருக்கு மறுபடி ஒரு கடிதம் வந்தது. விடுதியின் முன்கூடத்தில் உட்கார்ந்து பழைய மெஷினில் டைப் அடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்தச் சத்தம் விருந்தினர்களுக்கு இதமாக இருக்கிறது. ஹையர் தேறியிருக்க வேண்டும். மரக்காணத்தில் அந்தத் தடவை தேறியவன் நான் ஒருவன்தான்.

பனைமரத்தை மூன்று தடவை பார்த்துவிட்டுத் தீவில் இறங்கினேன். தேவநாதன் என் சான்றிதழைப் படித்தார். சந்தோஷப்பட்டார். வேலை உறுதி என்றார். பெயரைப் பதிவேட்டில் எழுதப் போனவர் நிறுத்தினார்.

"நீங்க நீச்சல்ல இருக்கீங்களே."

"திரும்பிட்டேன் சார்."

"விருந்தினரா இருக்கறவரை ஸ்டாஃபா போட முடியாது. ஒண்ணும் பிரச்சினை இல்ல. முதல்ல செக்-அவுட் பண்ணிடுவோம். செருப்பையும் எடுத்துக்கலாம். இந்தப் படிவத்தை மட்டும் நிரப்பிடுங்க. ஒரே ஒரு தடவை, நேர்மையா, முழு மனசோட."

என் முன்னால் சாக்குப்பையை வைத்தார். முடிச்சு அவிழ்ந்திருந்தது. செருப்பின் வார் தெரிந்தது. பேனாவைக் கொடுத்தார்.

முப்பது கேள்விகளுக்கு ஐந்து போட்டேன். முப்பத்தொன்றுக்கு வந்தேன். தட்டி இப்போது இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது. அதன்மேல் கொடி படர்ந்திருந்தது. உப்பளம் தெரியவில்லை. இந்தோனேசியா சீராக இரைந்தது. வேலை, சம்பளம், செருப்பு எல்லாம் ஒரு கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தன. நிஜமாகவே நான் எங்கிருக்கிறேன் என்று தெரியவில்லை. இதற்கு ஐந்து போட்டால் அது பொய்யாகாது என்று நிச்சயமாகத் தோன்றியது. பேனா ஐந்தின்மேல் தொட்டது.

மின்சாரம் போனது. ஒலிபெருக்கி நின்றது.

"டேய் அர்ச்சுனா" என்று தட்டிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "உள்ளதான் இருக்கியா? சாப்டியா?"

தேவநாதன் என் பேனாவைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு நான்கு போட்டேன்.

அவர் கோபப்படவில்லை. சாக்குப்பையின் வாயை மென்மையாக இழுத்து முடிச்சுப் போட்டார். "பரவாயில்ல சார். தீர்த்துருவோம். உங்க ரூம் அப்படியேதான் இருக்கு" என்றார்.

வெளியே வந்தேன். பக்கிரி மாமா கரையோரமாக நின்றிருந்தார். ஒரு கையில் பதிவேடு இருந்தது, இன்னொரு கையில் டவலை ஏற்கெனவே விரித்துப் பிடித்திருந்தார்.